முதல் அரை விநாடி: ‘இது என்ன சத்தம்?’ ஆட்டத்துக்கான கருவிகள், ஒரு மதிப்பீடு

ஒருவர் மறைவிலிருந்து ஒரு சத்தத்தை எழுப்புவார். மற்றவர்கள் அது எதிலிருந்து வந்தது என்று ஊகிக்க வேண்டும். விதி இவ்வளவுதான். ஆனால் ஆட்டம் ஒரு மணி நேரம் களைகட்டுவதும் பத்தே நிமிடத்தில் படுத்துவிடுவதும் பெரும்பாலும் கருவியின் கையில் இருக்கிறது. சத்தத்தைப் படத்தோடு பொருத்தும் ஒலி லோட்டோ அட்டைகள், குலுக்கு டப்பாக்கள், இணையத்தில் கிடைக்கும் ஒலிக் களஞ்சியங்கள், கைப்பேசிப் பதிவு, கையடக்க ரெக்கார்டர், திரைக்குப் பின்னால் நேரடியாகச் சத்தம் எழுப்புவது என்று வழிகள் பல. நான்கு முதல் எட்டுப் பேர் வரை உட்கார்ந்து ஆடும் குழுவை மனதில் வைத்து இவற்றை இங்கே எடைபோடுகிறோம்.

தீர்ப்பை முன்னாலேயே சொல்லிவிடுகிறோம். முதலிடம் திரைக்குப் பின்னால் நேரடியாக நடத்துவதற்கு. அடுத்தது, சொந்தமாகப் பதிவு செய்து வயர் ஸ்பீக்கரில் ஒலிக்கவிடுவது. களஞ்சியங்கள் துணைக்கு நல்லவை. அவற்றை மட்டுமே நம்பக் கூடாது. கடையில் வாங்கும் லோட்டோ சிறு குழந்தைகளுக்கு அருமை, பெரியவர்களுக்கு இரண்டு சுற்றோடு சரி. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஸ்பீக்கரைப் பேச வேண்டும். ஆட்டம் கெடுவது அதிகமும் அங்கேதான்.

ஸ்பீக்கர்

ஒரு சத்தத்தை நாம் அடையாளம் காண்பதில் அதன் தொடக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பியர் ஷாஃபர் என்ற பிரெஞ்சு ஒலிக்கலைஞர் 1948-இல் மணியோசையின் பதிவிலிருந்து, நாக்கு மணியில் மோதும் அந்தக் கணத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மீதியைக் கேட்டுப் பார்த்தார். மணி மணியாக ஒலிக்கவில்லை. ஏதோ ஊது கருவிபோல் கேட்டது. தட்டு, உடைப்பு, கிளிக், சொட்டு என எந்தக் குறுஞ்சத்தத்துக்கும் இது பொருந்தும்.

புளூடூத் ஸ்பீக்கர்களில் பல, சற்று நேரம் எதுவும் ஒலிக்காவிட்டால் மின்சாரத்தைச் சேமிக்க உறக்க நிலைக்குப் போய்விடும். அடுத்த சத்தம் வரும்போது விழிக்கச் சிறிது நேரம் எடுக்கும். அதற்குள் தொடக்கம் காணாமல் போகும். பூட்டுக்குள் சாவி திரும்பும் சத்தம் மொத்தமே ஒன்றரை விநாடி. அதில் முதல் அரை விநாடி போனால் மிஞ்சுவது வெறும் உலோக உராய்வு. குழு திணறும், ஆட்டத்தை நடத்துபவர் ‘இது எளிதாயிற்றே’ என்று வியப்பார். அவர் தன் ஹெட்ஃபோனில் கேட்டது முழுச் சத்தம்.

தீர்வு இரண்டு. முதலாவது, 3.5 மில்லிமீட்டர் வயரில் இணைவது. இரண்டாவது, ஒவ்வொரு துணுக்கின் முன்னாலும் இரண்டு விநாடிக்கு மெல்லிய ‘ம்ம்’ ஒலி ஒன்றை ஒட்டி, அதன்பின் அரை விநாடி இடைவெளி விட்டுப் புதிர் ஒலியைத் தொடங்குவது. முன்னால் வெறும் மௌனத்தை ஒட்டினால் பயனில்லை. பல ஸ்பீக்கர்கள் மௌனத்தை ‘ஒன்றும் வரவில்லை’ என்றே எடுத்துக்கொள்ளும். இந்த முன்னொலிக்கு இன்னொரு பயனும் உண்டு: எல்லாரும் பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொள்ள அது சைகையாகிறது.

கைப்பேசியின் சொந்த ஸ்பீக்கர் இந்த ஆட்டத்துக்குப் போதாது. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அது கிட்டத்தட்ட ஊமை. கதவு சாத்தும் ‘தொம்’, காலடியின் கனம், எஞ்சினின் உறுமல் எல்லாம் தகரத்தைத் தட்டியதுபோல் சுருங்கிவிடும். சாவிக்கொத்து, காகிதம், ஜிப், தண்ணீர்ச் சொட்டு போன்றவை மட்டும் பிழைக்கும். வேறு வழியே இல்லாதபோது அந்தச் சுற்றுக்கு இத்தகைய கூர்மையான ஒலிகளையே தேர்ந்தெடுங்கள்.

ஸ்பீக்கரை வைக்கும் இடமும் முக்கியம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர்கள் திருப்பி அனுப்புவதால் அவ்வளவு குறையாது, ஆனால் எதிரொலி கலந்து தெளிவு போகும். ஆகவே மூலையில் வைக்காமல் வட்டத்தின் நடுவில், எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே தூரத்தில், காது உயரத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள். மேசைமேல் நேரடியாக வைத்தால் மேசைப் பலகையும் சேர்ந்து அதிரும். நாலாக மடித்த துண்டு ஒன்று போதும். இரண்டு ஸ்பீக்கர் வைத்து ஸ்டீரியோவாகக் கேட்கவிடும் ஆசை வேண்டாம். ஒரு பக்கம் உட்கார்ந்தவருக்குப் பாதிச் சத்தம்தான் எட்டும். இரண்டு தடத்தையும் ஒன்றாகக் கலந்து மோனோவாக மாற்றி ஒரே ஸ்பீக்கரில் விடுவதே நியாயமான ஆட்டம்.

ஒலி லோட்டோ

படங்கள் அச்சிட்ட பலகைகள், மூடிவைக்க வில்லைகள், ஒலிகள் அடங்கிய குறுந்தகடு அல்லது செயலி: ஒலி லோட்டோ பெட்டியில் பொதுவாக இருப்பவை இவை. சத்தத்தைக் கேட்டு, தன் பலகையில் அந்தப் படம் இருந்தால் வில்லையை வைக்க வேண்டும். மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கும், புதிதாக ஒரு மொழி கற்பவர்களுக்கும் இதைவிட நல்ல கருவி குறைவு. கேட்பது, பெயர் சொல்வது, தன் முறைக்குக் காத்திருப்பது எல்லாம் ஒன்றாக நடக்கிறது.

பெரியவர்களுக்கு ஏன் சலிக்கிறது? பலகையில் ஒன்பது படம் இருந்தால் விடையும் அந்த ஒன்பதுக்குள்தான். அது ஊகமாக இல்லாமல் பொறுக்கியெடுப்பதாகச் சுருங்கிவிடுகிறது. மேலும் துணுக்குகள் மாறாதவை. மூன்றாம் முறை ஆடும்போது மூளை நாயை அடையாளம் காண்பதில்லை, அந்தக் குறிப்பிட்ட பதிவை அடையாளம் காண்கிறது. விலங்கு, வாகனம், இசைக்கருவி என்ற மூன்று வகையைத் தாண்டாத தொகுப்புகளும் உண்டு. வாங்குமுன் பெட்டியின் பின்புறப் படங்களை எண்ணிப் பாருங்கள். வீட்டுச் செயல்கள் (துடைப்பது, கிழிப்பது, ஊற்றுவது, மூடுவது) பாதிக்கு மேல் இருந்தால் நல்ல தொகுப்பு.

கையில் இருக்கும் லோட்டோவுக்கு உயிர் கொடுக்க ஒரு வழி: பலகைகளைக் கவிழ்த்து வைத்து, சத்தத்தை ஒருமுறை கேட்டு, விடையைத் தாளில் எழுதிய பிறகே பலகையைத் திருப்பவிடுங்கள். அதே பெட்டி இன்னும் சில மாலைகளுக்கு உழைக்கும்.

குலுக்கு டப்பாக்கள்

மாண்டிசோரி வகுப்பறைகளில் ஒலி உருளைகள் உண்டு. சிவப்பு மூடியில் ஆறு, நீல மூடியில் ஆறு; குலுக்கிப் பார்த்து ஜோடி சேர்க்க வேண்டும். செய்நேர்த்தி நன்றாக இருக்கும், ஆனால் அவை ஒலியைத் தரம் பிரித்துக் கேட்கும் பயிற்சிக்காக அமைந்தவை. உள்ளே என்ன என்று ஊகிப்பதற்காக அல்ல. நம் ஆட்டத்துக்கு வீட்டில் செய்துகொள்வதே மேல். ஒரே அளவிலான, உள்ளே தெரியாத 12 டப்பாக்கள் போதும்.

அளவுதான் இதில் சூட்சுமம். டப்பாவில் கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். பாதிக்கு மேல் போனால் பொருள் உருள இடமிருக்காது. எல்லாம் ‘பொத் பொத்’ என்று ஒரே மாதிரி மங்கிவிடும். குண்டூசி, பொத்தான், கோலி போன்ற பெரிய பொருள்களில் ஐந்தாறு எண்ணிக்கை போதும். தகர டப்பா வேண்டாம். உள்ளே இருப்பதைவிடத் தகரமே உரக்கப் பேசும். கெட்டி அட்டை அல்லது மரம் சிறந்தது. மெல்லிய பிளாஸ்டிக்கில் உப்பு, மாவுமணல் போன்ற நுண்பொருள்கள் நிலைமின்சாரத்தால் சுவரில் ஒட்டிக்கொண்டு பாதிச் சத்தத்தை விழுங்கும்.

டப்பாவைக் கைமாற்றி எல்லாரும் குலுக்கினால் எடையே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒருவர் மட்டும் குலுக்க வேண்டும். அல்லது மூடியின் உட்புறம் களிமண் ஒட்டி எல்லாவற்றையும் சம எடைக்குக் கொண்டுவர வேண்டும். குலுக்குபவர் உள்ளங்கையால் இறுகப் பிடித்தால் அதிர்வு அடங்கிவிடும், விரல் நுனியால் பிடிக்கட்டும். குழந்தைகள் இருந்தால் மூடியைச் சுற்றிலும் ஒட்டுநாடா போடாமல் கொடுக்காதீர்கள்: சிறு பொருள் வாய்க்குள் போனால் மூச்சடைக்கும்.

தூள் உப்பு, சர்க்கரை, ஆற்றுமணல் மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால் நல்ல காதுகளும் தடுமாறும். பெரியவர்கள் சுற்றுக்கு அந்த மூன்று போதும்.

ஒலிக் களஞ்சியங்கள்

ஃப்ரீசவுண்ட் தளத்தை 2005-இல் பார்சிலோனாவின் பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழக இசைத் தொழில்நுட்பக் குழு தொடங்கியது. உலகெங்கும் உள்ளவர்கள் தாங்கள் பதிந்ததை அதில் ஏற்றுகிறார்கள். கேட்டுப் பார்க்கக் கணக்கு தேவையில்லை, பதிவிறக்கத் தேவை. ஒவ்வொரு கோப்புக்கும் உரிமம் தனி: சிலது கட்டுப்பாடே இல்லாதது, சிலது பெயர் குறிப்பிடக் கேட்பது, சிலது வணிகப் பயன்பாட்டுக்கு ஆகாதது. பிபிசியின் ஒலிக் களஞ்சியத்தில் 33,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. சொந்தப் பயன்பாடு, கல்வி, ஆராய்ச்சி ஆகியவற்றுக்கு இலவசம். வீட்டில் ஆடுவதற்கு இரண்டுமே தாராளம். ரயில், கப்பல், பனிப்பாறை, பழைய தட்டச்சுப்பொறி என்று கைக்கு எட்டாதவற்றை வேறெங்கும் இவ்வளவு எளிதாகத் தேட முடியாது.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. கோப்பின் பெயர் சொல்வதும் சத்தம் உண்மையில் வந்த இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. திரைப்பட ஒலி அமைப்பில் எலும்பு முறிவதற்குச் செலரிக் கீரைத் தண்டையும், நெருப்பு வெடிப்பதற்குக் கண்ணாடித்தாளையும், பனியில் நடப்பதற்குச் சோளமாவுப் பையையும் பயன்படுத்துவது வழக்கம். ‘முகாம் தீ’ என்று தலைப்பிட்ட துணுக்கு ஒரு மேசைமேல் கசக்கிய தாளாக இருக்கலாம். அப்போது ‘கண்ணாடித்தாள்’ என்று எழுதியவரே சரியாகக் கேட்டவர், ஆனால் அவருக்கு மதிப்பெண் கிடைக்காது. பதிவாளர் எழுதிய விளக்கத்தைப் படியுங்கள்; எந்த இடம், எந்த மைக், எந்தப் பொருள் என்று சொல்லாத கோப்பை எடுக்காதீர்கள்.

பதிவிறக்கியவுடன் கோப்புக்கு எண்ணைப் பெயராக வைப்பது கட்டாயம். ஒலிக்கும்போது கைப்பேசித் திரையில் தலைப்பு பளிச்சென்று வந்து நின்றால் அந்தச் சுற்று அத்தோடு முடிந்தது. விடைப் பட்டியலைத் தனித் தாளில் கையால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தப் பதிவு: கைப்பேசி

கைப்பேசி மைக் மோசமில்லை. அதற்குப் பின்னால் இயங்கும் மென்பொருள்தான் சிக்கல். பேச்சைத் தெளிவாக்குவதற்காக, மாறாமல் நீடிக்கும் எந்த ஒலியையும் அது இரைச்சல் என்று எண்ணி அமுக்கும். குழாய்த் தண்ணீர், மின்விசிறி, மழை ஆகியவை முதல் விநாடியில் கேட்டு, பிறகு தேய்ந்து போவது இதனால்தான். தானியங்கி ஒலியளவு வேறு, மெல்லிய இடத்தை உயர்த்தி உரத்த இடத்தைத் தாழ்த்திச் சத்தத்தின் வடிவத்தையே மாற்றிவிடும். சுருக்காத வேவ் (WAV) கோப்பாகச் சேமிக்கும், இந்தச் சீரமைப்புகளை அணைக்கவிடும் பதிவுச் செயலியைத் தேடிப் போடுங்கள்.

கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்து, மடித்த துணியின்மேல், அடிப்புற மைக் பொருளை நோக்கும்படி 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் வையுங்கள். கையில் பிடிக்காதீர்கள். திரைச்சீலையும் மெத்தையும் உள்ள படுக்கையறையே வீட்டில் நல்ல ஒலிப்பதிவுக்கூடம். குளியலறையில் பதிந்தால் எதிரொலியே ‘இது குளியலறைப் பொருள்’ என்று சொல்லிவிடும்.

சொந்தப் பதிவு: ஸூம் எச்1என்

இந்த ஆட்டத்துக்காகவே தனி ரெக்கார்டர் வாங்குவது மிகை. ஆனால் பள்ளி, நூலகம், முதியோர் மன்றம் என்று மாதந்தோறும் நடத்துபவர்களுக்கு ஸூம் எச்1என் பொருத்தமான கருவி. 90 பாகைக் கோணத்தில் குறுக்காக அமைந்த இரட்டை மைக், 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் வரை பதிவு, 120 டெசிபல் வரை தாங்கும் திறன், இரண்டு ஏஏஏ பேட்டரி, 32 ஜிகாபைட் வரை மைக்ரோஎஸ்டி அட்டை. இவற்றில் நமக்கு முக்கியம் அந்த மைக் அமைப்பு. இரண்டு மைக்கும் ஒரே புள்ளியில் சேர்ந்திருப்பதால் ஒலி இரண்டையும் ஒரே நேரத்தில் எட்டுகிறது. பிறகு மோனோவாகக் கலக்கும்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்வதில்லை. தள்ளித் தள்ளி வைத்த இரண்டு மைக்குகளில் இந்த நிம்மதி கிடையாது.

இன்னொரு நன்மை: பதிவுப் பொத்தானை அழுத்துவதற்குச் சற்று முந்தைய ஒலியையும் சேர்த்துப் பிடிக்கும் வசதி. தீக்குச்சி, பலூன், உடையும் குச்சி என்று ஒருமுறைதான் நடக்கும் செயல்களுக்கு இது பெரிய உதவி.

குறைகளும் உண்டு. பிளாஸ்டிக் உடல் என்பதால் கையில் பிடித்தால் விரல் அசைவெல்லாம் பதிவாகும். சிறிய முக்காலியில் பொருத்துவது அவசியம். மிக மெல்லிய ஒலிகளில் (பஞ்சைப் பிய்ப்பது, ஊசியில் நூல் ஓடுவது) ஒலியளவைக் கூட்டினால் ‘ஸ்ஸ்’ என்ற கருவி இரைச்சலும் கூடவே வரும். ஒலியளவைக் கூட்டுவதற்குப் பதிலாக மைக்கைப் பத்து சென்டிமீட்டருக்குள் கொண்டுபோங்கள். தானியங்கி ஒலியளவை அணைத்துவிட்டு, கருவியின் அளவுகாட்டியில் (அதன் மேல் எல்லை பூஜ்யம்) உச்சம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்கும்படி கையால் திருப்பி வையுங்கள். பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி வெட்டுப்பட்டுச் சிதறும்; அதை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. தாழொலி வடிகட்டியை இயக்கினால் மேசை அதிர்வு நீங்கும். கதவு, காலடி, மேளம் பதியும்போது மட்டும் அதை அணையுங்கள், சத்தத்தின் அடிவயிறே அங்குதான் இருக்கிறது.

வெட்டிச் சேர்ப்பது

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் இதற்கு முழுக்கப் போதும். சத்தம் தொடங்குவதற்குச் சுமார் 50 மில்லிவிநாடி முன்னால் வெட்டுங்கள். அந்த விளிம்பில் 5 மில்லிவிநாடி மட்டும் படிப்படியாக ஒலி ஏறும்படி செய்தால் ‘டிக்’ என்ற வெட்டுச் சத்தம் வராது. இந்த ஏற்றத்தை நீட்டிவிடாதீர்கள், தொடக்கத்தை நாமே அழித்ததாகிவிடும். ஒவ்வொரு ஒலிக்கும் மூன்று துணுக்குகள் தயார் செய்யுங்கள்: ஒரு விநாடி, நான்கு விநாடி, பத்து விநாடி. முதலில் குறுந்துணுக்கு, யாரும் சொல்லாவிட்டால் அடுத்தது. மூன்றாவதற்கு மதிப்பெண் குறைவு.

எல்லாத் துணுக்குகளையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவரும் கட்டளை ஆடாசிட்டியில் உண்டு. உச்ச அளவை மட்டும் சமப்படுத்துவதைவிட இதுவே நல்லது: ஒரு கைத்தட்டலுக்கும் ஓடும் தண்ணீருக்கும் உச்சம் சமமாக இருந்தாலும் காதுக்குத் தண்ணீர்தான் பலமாகக் கேட்கும். ஒரே உரப்பில் வரும்போது பொருளின் உருவ அளவு பற்றிய குறிப்பு மறைந்துபோவதும் ஆட்டத்துக்கு லாபம். காகிதம் கசங்குவதும் காட்டுத்தீயும் ஒரே பலத்தில் காதில் விழும்.

சேமிக்கும்போது வேவ் வடிவமே வேண்டும். குறைந்த தரத்து எம்பி3-இல் கூர்மையான தட்டுக்கு முன்னால் மங்கலான ஒரு நிழலொலி வந்துவிடும். நாம் இவ்வளவு பாடுபட்டுக் காத்த தொடக்கம் அங்கே கரைந்துபோகிறது. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்றால் நிமிடத்துக்கு 5 மெகாபைட்டுக்குச் சற்று மேல். இன்றைய கருவிகளுக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

திரைக்குப் பின்னால்

இதற்கு எந்தக் கருவியும் ஈடில்லை. சீடர்கள் தன்னைப் பார்க்காமல் சொல்லை மட்டும் கேட்கட்டும் என்று பித்தாகரஸ் திரைக்குப் பின்னாலிருந்து பேசினார் என்பது பழைய கிரேக்க வழக்கு. அதே ஏற்பாடுதான் இதுவும். ஸ்பீக்கர் இல்லை, கோப்புச் சுருக்கம் இல்லை, தொடக்கம் முழுசாக வந்து சேர்கிறது.

தேவை: தடித்த திரை அல்லது பக்கவாட்டில் சாய்த்த மேசை, பொருளை இயக்குபவர் ஒருவர், எடுத்துக் கொடுப்பவர் ஒருவர், துணி விரித்த தட்டுகள். ஒவ்வொரு பொருளுக்கும் தனித் தட்டு. இங்கே பிழை நடப்பது பெரும்பாலும் சத்தத்துக்கு முன்னால்தான். கத்தரிக்கோலை மேசையிலிருந்து எடுக்கும் ‘கிளிங்’, இழுப்பறை திறக்கும் உராய்வு, பாட்டில் மூடி கழலும் ஒலி எல்லாம் விடையைக் கசியவிடும். மேசைமேல் கெட்டியான கம்பளி விரித்து, அந்தச் சுற்றுப் பொருள்களை முன்கூட்டியே திறந்து வையுங்கள். விளக்கு திரைக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் நிழல் விழும். மணம் இன்னொரு காட்டிக்கொடுப்பான். தீக்குச்சி, ஆரஞ்சுத் தோல், காப்பிப்பொடி எல்லாம் காதுக்கு முன் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

ஒரே செயலை மூன்று முறை, ஒரே வேகத்தில், இடையில் இரண்டு விநாடி விட்டுச் செய்யுங்கள். கேட்பவர்கள் கண்ணைக் கட்டிக்கொள்வதைவிட முதுகைத் திருப்பி உட்காருவது வசதி. கட்டு பெரும்பாலும் காதையும் சேர்த்து மூடிவிடுகிறது.

எந்தச் சத்தங்கள்

வில்லியம் கேவர் என்ற ஆய்வாளர் 1993-இல் அன்றாட ஒலிகளை மூன்று குடும்பமாகப் பிரித்தார்: திடப்பொருள்கள் மோதுவது உராய்வது, காற்று பாய்வது, திரவம் அசைவது. ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு ஒலி என்றால் மூன்று குடும்பமும் கலந்திருக்கட்டும். எல்லாமே தட்டும் சத்தமாகப் போனால் காது களைத்துவிடும். அதே ஆண்டு ஜேம்ஸ் பாலஸ் 41 சிற்றொலிகளை வைத்து ஆராய்ந்தபோது தெரிந்தது, ஒரு சத்தத்துக்கு எத்தனை காரணங்கள் மனதில் எழுகின்றனவோ அந்த அளவுக்கு அடையாளம் காண நேரமும் கூடுகிறது என்பது. கடினத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. அபூர்வமான பொருளைத் தேடி அலைய வேண்டாம். பல காரணம் சொல்லத்தக்க எளிய பொருளே நல்ல புதிர்.

மழை, எண்ணெயில் பொரிவது, கூட்டக் கைத்தட்டல் மூன்றும் ஒன்றுக்கொன்று மாறிக் கேட்கும். மூன்றுமே ஆயிரம் சிறு வெடிப்புகளின் திரள். புத்தகப் பக்கங்களை விரலால் ‘படபட’வென விடுவது சிறகடிப்பாகக் கேட்கும். கண்ணாடி உருண்டு துள்ளுவதையும் உடைந்து சிதறுவதையும் பிரித்துக் காட்டுவது தட்டொலிகளின் கால ஒழுங்கு: துள்ளுவதில் ஒரே இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும்; உடைவதில் பல துண்டுகள் தத்தம் போக்கில் துள்ளும். பாட்டிலில் தண்ணீர் நிரம்பும்போது சுருதி ஏறும், உள்ளே காற்றுத் தூண் குட்டையாவதால். சொட்டு விழும் இனிய ஒலி தண்ணீருக்குள் சிக்கிய காற்றுக்குமிழின் அதிர்வு. குமிழ் சிறியதானால் சுருதி கூடும். வெந்நீர் ஊற்றுவதும் குளிர்நீர் ஊற்றுவதும் வேறு வேறாகக் கேட்கும், வெந்நீர் சற்றுக் கனமாக. இந்த ஜோடியைக் கடைசிக்கு வையுங்கள், ஆனால் வெந்நீரைத் திரைக்குப் பின்னால் கையாளாமல் பதிந்தே ஒலிக்கவிடுங்கள்.

பன்னிரண்டில் நான்கு எளிது, ஐந்து நடுத்தரம், மூன்று கடினம் என்ற கலவை நன்றாக ஓடும். முதல் இரண்டும் எளிதாக இருக்கட்டும். தொடக்கத்திலேயே தோற்றவர் அப்புறம் வாயைத் திறக்கமாட்டார்.

மதிப்பெண்

வாய்விட்டுச் சொல்லவிட்டால் முதல் குரல் மற்ற எல்லாக் காதுகளையும் இழுத்துக்கொண்டு போய்விடும். ஒருவர் ‘மழை’ என்றபின் வேறெதுவும் கேட்காது. எனவே அமைதியாக எழுதி, பிறகு ஒன்றாகக் காட்டுவது. விடையை மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண்: செயல் (கிழிப்பது), பொருள் (உறை), எதனால் ஆனது (தடித்த காகிதம்). இப்படிப் பிரித்தால் பாதி சரியாகக் கேட்டவரும் வெறுங்கையோடு போவதில்லை.

தமிழில் ஆடுபவர்களுக்கு நான்காவதாக ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்: கேட்ட ஒலிக்கு ஒரு இரட்டைக்கிளவி. சருகும் பட்டும் ‘சரசர’; ஓடும் நீர் ‘சலசல’; நாணயம் ‘கலகல’; பல்லில் மணல் ‘நறநற’; ஓடும் வண்டி ‘கடகட’. விடை தெரியாதவரும் இந்தச் சொல்லை எழுதிவிட முடியும், எழுதியபின் விடையை நெருங்கியும்விடுவார். ‘சரசர’ என்று எழுதிய கை அதன்பின் தண்ணீரைத் தேடாது.

ஏற்கத்தக்க விடைகளை ஆட்டத்துக்கு முன்பே தாளில் எழுதிவிடுங்கள். ‘பேனா மூடி’ என்றாலும் ‘பேனா’ என்றாலும் ஒன்றா என்ற வழக்கு நடுவில் எழக் கூடாது. வயதானவர்கள் இருந்தால் சாவி, ஜிப், கைக்கடிகாரம் போன்ற கூர்மையான உயர்ந்த ஒலிகளைக் குறையுங்கள், வயது ஏற ஏற முதலில் மங்குவது அந்த உயர் அலைவரிசைகளே. ஸ்பீக்கரை உச்சத்துக்கு ஏற்றி ஈடுகட்டப் பார்ப்பது மற்றவர்களின் காதுக்குத் தண்டனை.

விடையைச் சொன்னதும் அடுத்த எண்ணுக்குத் தாவாதீர்கள். பொருளைக் கையில் எடுத்துக் காட்டி, அதே சத்தத்தை இன்னொரு முறை எழுப்புங்கள். சற்றுமுன் மழையாகக் கேட்டது இப்போது எல்லாருக்கும் தெளிவாகக் கண்ணாடித்தாளாகவே கேட்கும், மீண்டும் மழையாகக் கேட்க முயன்றாலும் முடியாது. இந்த ஆட்டத்தின் உச்சம் அந்தக் கணம். திரைமறைவு முறைக்கு முதலிடம் கொடுத்ததும் அதற்காகவே. பதிவு வைத்து நடத்துபவர்களும் இதை இழக்க வேண்டியதில்லை. பதிந்த பொருள்களைத் துணுக்கின் எண்ணை எழுதிய துணிப்பைகளில் கட்டி, வாசலுக்கு வெளியே ஒரு கூடையில் வைத்துக்கொண்டால் போதும்.